அண்டங்காக்கையும் ஓநாயும்: 1917இல் இலங்கைக் கடலில் இரண்டு சரக்குக் கப்பல்கள்

கெட்டிக்காரத்தனமும் கொஞ்சம் முரட்டுத்தனமும் சேர்ந்த ஆளைப் பார்த்து "அவன் ஒரு எம்டன்" என்று சொல்வது தமிழில் நூறு வருஷப் பழக்கம். 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்க் குதங்களைச் சுட்டெரித்த ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. இலங்கையைச் சுற்றியும் சில கப்பல்களை அது பிடித்தது, சிலவற்றை மூழ்கடித்தது. அந்த நவம்பர் 9ஆம் திகதியே கொக்கோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

எம்டனைவிடப் பல மடங்கு காலம் கடலில் அலைந்து, கொழும்புத் துறைமுகத்தின் வாசலிலேயே இரண்டு கப்பல்களைக் கவிழ்த்த இன்னொரு ஜேர்மன் கப்பலுக்குத் தமிழில் ஒரு சொல்லும் வாய்க்கவில்லை. அதன் பெயர் வொல்ஃப், அதாவது ஓநாய். அதைத் தேடி 1917இல் இலங்கைப் பக்கம் வந்த பிரித்தானியக் கப்பலின் பெயர் ரேவன், அதாவது அண்டங்காக்கை. அக்கப்பல் விமானங்களைச் சுமந்து வந்தது. உலகின் ஆரம்பகால விமானந்தாங்கிகளில் ஒன்று அது. இரண்டுமே போருக்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஜேர்மனியின் பிரேமன் நகரத்து ஒரே கம்பெனிக்காகக் கட்டப்பட்ட சாதாரணச் சரக்குக் கப்பல்கள்தாம் இரண்டும்.

கலவானையில் இருந்துகொண்டு கப்பல் கதை எதற்கு என்று கேட்கலாம். இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாக உள்ளே வரும் இந்த மலைப்பக்கத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இங்கே பறித்த கொழுந்தும் வெட்டிய றப்பர் பாலும் கடைசியில் கொழும்பில் கப்பல் ஏறுவதற்காகவே இருந்தன. 1912இல் களனிவெளிக் குறுகிய ரயில்பாதை இரத்தினபுரிவரை வந்துசேர்ந்தபின் அந்த வழி இன்னும் சுருங்கியது. எதிர்த்திசையில் லயத்து அடுப்புக்கு வேண்டிய ரங்கூன் அரிசியும் கடல் வழியாகத்தான் வந்தது. தேயிலைப் பெட்டி போவதும் அரிசி மூட்டை வருவதும் கொழும்பு வாசலைக் கடந்துதான். அந்த வாசலில் ஒருவன் பொறி வைத்தால் மலைக்கும் அது பொறிதான்.

பாறைப் பெயர்க் கப்பல்கள்

பிரேமனில் 1881இல் தொடங்கப்பட்ட ஹன்ஸா கப்பல் கம்பெனி இந்தியாவுக்கும் கிழக்குக்கும் சரக்கு ஓட்டிப் பெரிதான நிறுவனம். அதன் கப்பல்களை அடையாளம் காண்பது சுலபம். பெயர் 'ஃபெல்ஸ்' என்று முடியும். ஜேர்மன் மொழியில் பாறை என்று பொருள். ராபென்ஃபெல்ஸ் என்றால் அண்டங்காக்கைப் பாறை. வாக்ட்ஃபெல்ஸ் என்றால் காவற்பாறை. கூட்டென்ஃபெல்ஸ் என்ற ஒன்றும் இருந்தது. இந்த மூன்று பெயர்களும் இக்கதையில் திரும்பத் திரும்ப வரும்.

ராபென்ஃபெல்ஸ் 1903இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. ஜேர்மன் கம்பெனிக்கு ஆங்கிலேயர் கட்டிக்கொடுத்த கப்பல்! 1914 ஆகஸ்டில் போர் வெடித்தபோது எகிப்தின் போர்ட் சயிட் துறைமுகத்தில் பிரித்தானியர் அதைக் கைப்பற்றினர். வாக்ட்ஃபெல்ஸ் 1913இல் ஜேர்மனியின் ஃப்ளென்ஸ்பேர்க்கில் கட்டப்பட்டுச் சொந்த நாட்டிலேயே இருந்தது. அதை ஜேர்மன் கடற்படை எடுத்து, தளத்துக்குப் பக்கவாட்டில் பீரங்கிகளை மறைத்து, 450க்கு மேற்பட்ட கடற்கண்ணிகளை வயிற்றில் ஏற்றி, 'வொல்ஃப்' என்று பெயர் சூட்டியது.

கூட்டென்ஃபெல்ஸும் போர் தொடங்கியதும் பிரித்தானியர் கைக்குப் போனது. எண்ணெய் சுமக்கும் கப்பலாக மாற்றப்பட்டு 'டரிட்டெல்லா' என்ற புதுப் பெயரில் ஓடியது.

பாரந்தூக்கியே ஓடுதளம்

விமானந்தாங்கி என்றவுடன் நீண்ட தட்டையான தளமும் அதில் சீறி எழும் விமானங்களும் நம் மனதில் வரும். முழுத் தளமும் தட்டையான முதல் கப்பலான ஆர்கஸ், பாதியில் நின்ற ஓர் இத்தாலியப் பயணிகள் கப்பலை மாற்றிச் செய்தது. அது சேவைக்கு வந்தது 1918 செப்டெம்பரில்தான். ராபென்ஃபெல்ஸின் காலத்தில் வழி வேறு. சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகள் பூட்டிய விமானங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போகவேண்டிய இடம் வந்ததும் பாரந்தூக்கியால் தூக்கிக் கடலில் இறக்குவார்கள். விமானம் தண்ணீரில் ஓடி மேலே எழும். திரும்பி வந்து கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கும். மறுபடி தூக்கி உள்ளே வைப்பார்கள்.

இதற்குச் சரக்குக் கப்பல் இயல்பாகவே பொருந்தியது. பாரந்தூக்கி ஏற்கெனவே இருந்தது. அகன்ற சரக்கறை மூடிகள் இருந்தன. நேற்றுவரை பெட்டியும் பொதியும் ஏறி இறங்கிய அதே கொக்கியில் இன்று துணி போர்த்திய மரவிமானம் தொங்கியது. பலவீனமும் அந்த முறையிலேயே இருந்தது. அலை கொஞ்சம் எழுந்தால் மிதவை உடையும். விமானத்தை இறக்கவும் ஏற்றவும் கப்பல் நிற்கவேண்டும். நிற்கிற கப்பல் சுடுகிறவனுக்கு வாய்ப்பு. ராபென்ஃபெல்ஸின் வேகமும் சரக்குக் கப்பல் வேகம்தான். மணிக்குப் பத்துக் கடல் மைல் அளவு.

1915 ஜனவரியில், துருக்கிப் படை சினாய்ப் பாலைவனத்தைத் தாண்டி சூயஸ் கால்வாயை நோக்கி வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ராபென்ஃபெல்ஸிலும், அதே மாதிரி பறிமுதலான ஏன் ரிக்மர்ஸ் என்ற இன்னொரு ஜேர்மன் சரக்குக் கப்பலிலும் பிரெஞ்சு நியூபோர் மிதவை விமானங்கள் ஏற்றப்பட்டன. ஓட்டுபவர் பிரெஞ்சுக்காரர், பின்னாலிருந்து பார்ப்பவர் பிரித்தானியர், கப்பல் ஜேர்மன். கால்வாய்க் கரையில் காவல் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பெப்ரவரி 3ஆம் திகதி துருக்கியர் கால்வாயைத் தாக்கியபோது அந்தத் தாக்குதல் திடீரென்று வந்ததாக இருக்கவில்லை. வானத்திலிருந்து பார்த்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷமே ராபென்ஃபெல்ஸ் முறைப்படி பிரித்தானியக் கடற்படையில் சேர்க்கப்பட்டு 'ரேவன் 2' ஆனது. 1916 தொடக்கத்தில் போர்ட் சயிட்டை மையமாக வைத்து நான்கு கப்பல்கள் கொண்ட மிதவை விமான அணி ஒன்று அமைந்தது. பென்-மை-ஷ்ரீ, எம்ப்ரஸ், ஆன் (பழைய 'ஏன் ரிக்மர்ஸ்'), ரேவன் 2 என்பவையே அவை. முதல் இரண்டும் வேகமான பயணிகள் கப்பல்கள், மற்ற இரண்டும் மெதுவான சரக்குக் கப்பல்கள். அந்த மே மாதத்திலிருந்து அணிக்குத் தலைவர் சார்ள்ஸ் ரம்னி சம்சன். 1916 ஆகஸ்டில் பாலஸ்தீனத்தின் எல் அஃபுலே ரயில் சந்தியை மூன்று கப்பல்களின் விமானங்கள் சேர்ந்து தாக்கின. அந்த டிசெம்பரில் அதானாவுக்கருகே சிக்கால்டிர் ரயில் பாலத்தின் மேல் குண்டு போட்டதில் ரேவனுக்கும் பங்கு உண்டு. ஆனால் 1917 ஜனவரி 11ஆம் திகதி கஸ்டெல்லோரிசோ தீவுத் துறைமுகத்தில் நின்ற பென்-மை-ஷ்ரீயைத் துருக்கிப் பீரங்கிகள் கரையிலிருந்து சுட்டு மூழ்கடித்தன. அணியின் சிறந்த கப்பல் அதோடு போயிற்று. நிற்கிற கப்பலுக்கு இருந்த ஆபத்து அன்று நேரில் தெரிந்தது.

கொழும்பு வாசலில்

இதற்குள் வொல்ஃப் புறப்பட்டுவிட்டது. 1916 நவம்பர் 30ஆம் திகதி கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அதன் தலைவர் கார்ல் ஆகுஸ்ட் நெர்கர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கண்ணிகளைப் போட்டுவிட்டு இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தார். 1917 பெப்ரவரி 15ஆம் திகதி இரவு அந்தக் கப்பல் கொழும்புக்கு வெளியே வந்தது. துறைமுகத் தேடொளிகள் கடலைத் துழாவிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்துக்கு எட்டாத இடத்தில் கண்ணிகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, விடிவதற்குள் போய்விட்டது.

பெப்ரவரி 17ஆம் திகதி, ரங்கூனிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த பிபி கம்பெனியின் வூஸ்டர்ஷயர் கொழும்புக்கு அருகே கண்ணியில் மோதி மூழ்கியது. நான்கு நாள் கழித்து, 21ஆம் திகதி, கிழக்கு நோக்கிப் போன பெர்சியஸ் அதே கதிக்கு ஆளானது. மேற்கே போகும் கப்பலுக்கும் கிழக்கே போகும் கப்பலுக்கும் கொழும்பு பொதுவான வாசல். ஓநாய் சரியான இடத்தில்தான் பொறி வைத்திருந்தது. அடுத்து பம்பாய்க்கும் போய்க் கண்ணி போட்டது.

வொல்ஃப் வெறும் கண்ணி போடும் கப்பல் அல்ல. சரக்கறைக்குள் கழற்றி வைத்திருந்த ஒரு மிதவை விமானமும் அதில் இருந்தது. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வகை விமானம். மாலுமிகள் அதற்கு வைத்த செல்லப்பெயர் குட்டி ஓநாய். ஷ்டைன், ஃபாபெக் என்ற இருவர் அதை ஓட்டினார்கள். ஆக அதுவும் ஒரு வகையில் விமானந்தாங்கியே. ரேவனிடம் இருந்த அதே பாரந்தூக்கி முறைதான் இங்கும்.

பெப்ரவரி 27ஆம் திகதி இலட்சத்தீவுக் கடற்பக்கம் ஒரு பிரித்தானிய எண்ணெய்க் கப்பல் வொல்ஃபிடம் சிக்கியது. அதுதான் டரிட்டெல்லா, பழைய கூட்டென்ஃபெல்ஸ். ஒரே கம்பெனியில் வேலை செய்த சகோதரக் கப்பலை ஓநாய் கடலில் பிடித்துக்கொண்டது! நெர்கர் அதில் கண்ணிகளை ஏற்றி, 'இல்டிஸ்' என்று இன்னொரு பெயர் வைத்து, ஏடன் பக்கம் அனுப்பினார். மார்ச் 5ஆம் திகதி ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் நெருங்கியதும், அதிலிருந்த ஜேர்மனியர் தாமாகவே அதை மூழ்கடித்தார்கள். அதிலிருந்து மீட்கப்பட்ட சீன மாலுமிகள் வாய் திறந்த பிறகுதான் பிரித்தானியருக்கு வொல்ஃப் என்ற கப்பல் இந்தக் கடலில் உலாவுவது உறுதியாயிற்று.

காக்கை தேடி வந்தது

உடனே தேடுதல் தொடங்கியது. மார்ச் மாதத்திலேயே ரேவன் 2, பொத்துவோ என்ற பிரெஞ்சுக் குரூஸருடன் செங்கடலைத் தாண்டி இந்து சமுத்திரத்துக்கு அனுப்பப்பட்டது. ஏற்பாடு தர்க்கத்துக்குப் பொருந்தியதுதான். ரேவனுக்கு வேகமும் கிடையாது, சொல்லத்தக்க பீரங்கியும் கிடையாது. அதன் விமானங்கள் கண். பொத்துவோ கை. கண் கண்டதும் கை அடிக்கவேண்டும். இலட்சத்தீவு, மாலைதீவு, கொழும்பு என்று இரண்டும் அலைந்தன.

ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரம் எவ்வளவு? அக்காலத்தில் இந்த அணியின் பெரிய விமானமான ஷோர்ட் 184 காற்றில் நிற்கக்கூடிய நேரம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. அதில் பாதி நேரத்தைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளவேண்டும். மாலைதீவு மட்டுமே வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீற்றருக்கு மேல் நீளும். அதில் சுமார் 1,200 தீவுகள். ஒவ்வொரு பவளத்தீவு வளையத்துக்குள்ளும் ஒரு கப்பலை ஒளித்து வைக்கலாம். மேலேயிருந்து பார்க்கும்போது ஒரு தீவுபோலவே மற்றத் தீவும் இருக்கும். ஏப்ரலில் ரேவனின் விமானம் ஒன்று அங்கே வழிதவறியது. விமானியும் பார்வையாளரும் பல நாள் தீவுகளுக்கிடையே தவித்தபின் தீவு மக்கள்தாம் அவர்களைக் காப்பாற்றினார்கள். தேடப்போனவர்களையே தேடவேண்டியதாயிற்று.

அதற்குள் ஓநாய் எங்கே? மார்ச் 1ஆம் திகதி ஜம்னா, 11ஆம் திகதி வேர்ட்ஸ்வேர்த் என்ற கப்பல்களைப் பிடித்துவிட்டுத் தெற்கே இறங்கியது. மார்ச் 30ஆம் திகதி டீ என்ற பாய்மரக் கப்பலைப் பிடிக்கும்போது அது அவுஸ்திரேலியாவின் தென்மேற்குக் கடற்பக்கம் போயிருந்தது. அதாவது ரேவனின் விமானங்கள் மாலைதீவைச் சல்லடை போட்டுச் சலித்த ஏப்ரலில், தேடப்பட்ட கப்பல் வேறொரு கண்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜூன் வாக்கில் ரேவன் வெறுங்கையோடு எகிப்துக்குத் திரும்பியது.

ஓநாய் திரும்பி வந்தது

கதையின் கசப்பு இனித்தான். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா பக்கம் கண்ணி போட்டு, கப்பல்கள் பிடித்து, வொல்ஃப் மறுபடி இந்து சமுத்திரத்துக்குள் வந்தது. 1917 செப்டெம்பர் 24ஆம் திகதி கொழும்பிலிருந்து புறப்பட்ட ஜப்பானியக் கப்பல் ஹிட்டாச்சி மாரு, 26ஆம் திகதி மாலைதீவுக்கருகே வொல்ஃபிடம் மாட்டியது. எதிர்த்து நிற்க முயன்ற அந்தக் கப்பல்மீது குண்டு பாய்ந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் இரண்டு கப்பல்களும் மாலைதீவின் தெற்கேயுள்ள ஹுவாது வளையத்துக்குள் நங்கூரம் போட்டு, நாட்கணக்கில் சரக்கை மாற்றின. குட்டி ஓநாய் மேலே பறந்து காவல் பார்த்தது. ரேவன் தேடிய தீவுக்கூட்டத்திலேயே, ரேவன் போன பிறகு, ஓநாய் ஓய்வெடுத்துப் போனது.

1918 பெப்ரவரி 24ஆம் திகதி வொல்ஃப் கீலுக்குத் திரும்பியது. 451 நாள், சுமார் 64,000 கடல் மைல், நடுவில் ஒரு துறைமுகத்திலும் நிற்கவில்லை. அது கைப்பற்றியதும் அதன் கண்ணிகள் கவிழ்த்ததுமாகச் சேர்ந்த இழப்பு ஒரு லட்சம் தொன்னுக்கு மேல். நானூற்றுக்கு மேற்பட்ட கைதிகளும் பிடித்த கப்பல்களின் சரக்கும் அதில் வந்திறங்கின. செம்பு, பட்டு, கொப்பறா, கொக்கோ என்ற பட்டியலில் றப்பரும் இருந்தது. பிரித்தானியக் கடல் முற்றுகையால் ஜேர்மனியில் றப்பருக்குக் கடும் பஞ்சம். பால்வெட்டுக்காரன் விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடிச் சேர்த்த பொருளின் போர்க்கால விலை அந்தப் பட்டியலில் தெரிகிறது.

கண் எவ்வளவு கண்டது என்பதல்ல

ரேவன் ஏன் தோற்றது? மெதுவான கப்பல், மெல்லிய விமானம் என்று சொல்வது பாதி உண்மை. வொல்ஃபும் அதே வகைக் கப்பல்தான். அதன் விமானமும் அதே காலத்து மரமும் துணியும்தான். விமான எண்ணிக்கையில் ரேவனே கூடுதல். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது.

வொல்ஃப் தேடிய சரக்குக் கப்பல்கள் எந்த வழியாகப் போகும் என்பது எவருக்கும் தெரிந்ததே. கொழும்பிலிருந்து மேற்கே போகும் கப்பல் மாலைதீவுக்கு இடையிலோ அருகிலோ போயாகவேண்டும். அந்தப் பாதையில் காத்திருப்பவனுக்கு ஒரு விமானம் போதும். மேலும், பிறர் அனுப்பும் கம்பியில்லாத் தந்திகளை ஒட்டுக்கேட்டு நெர்கர் தன் இரையைத் தெரிந்தெடுத்தார். தன்னைப் பற்றிய தந்தி மட்டும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார். குட்டி ஓநாயின் முக்கியமான வேலையும் அதுதான். பசிபிக்கில் வைருனா என்ற கப்பலை மடக்கியபோது அந்த விமானம் மேலே வந்து ஒரு கடிதத்தைத் தளத்தில் போட்டது: தந்தி அனுப்பாதே, எஞ்சினை நிறுத்து, மீறினால் குண்டு விழும் என்பது சாரம். பிடிபட்ட கப்பல்கள் வாய் திறக்காமலே மறைந்தன. பார்ப்பதற்காகச் செய்த விமானத்தை, பிறர் பேசாமல் இருப்பதற்காக அவர் பயன்படுத்தினார்.

ரேவனிடம் கண் இருந்தது, செய்தி இல்லை. ஒவ்வொரு நாளும் வானத்திலிருந்து வெற்றுக் கடலைப் பார்த்துவிட்டு வந்தது. எங்கே பார்க்கவேண்டும் என்று தெரியாதவனுக்குப் பத்துக் கண் இருந்தும் பயனில்லை.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க இதே கடலில் இரண்டாவது வாய்ப்பும் வந்தது. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு வெளியே ஜப்பானிய விமானங்களால் மூழ்கியது. இரண்டு வருஷம் கழித்து இலங்கைக் கடலுக்கு வந்த பிரித்தானிய விமானந்தாங்கிகளில் பல, அமெரிக்கச் சரக்குக் கப்பல் உடலின்மேல் தட்டைத் தளம் போட்டவை. அவற்றுள் ஒன்று ஷா. 1944 ஆகஸ்ட் 6, 7ஆம் திகதிகளில் ஜேர்மன் நீர்மூழ்கி யூ-198 ஆபிரிக்கக் கரைப்பக்கம் இரண்டு கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. இம்முறை செய்தி உடனே பரவியது, தேடவேண்டிய கடல் சுருங்கியது. 10ஆம் திகதி ஷாவின் விமானம் நீர்மூழ்கியைக் கண்டது. 12ஆம் திகதி ஃபின்ட்ஹோர்ன் என்ற பிரித்தானியக் கப்பலும் இந்தியக் கடற்படையின் கோதாவரியும் அதை சீஷெல்ஸ் பக்கம் அழித்தன. சரக்குக் கப்பலில் விமானம் என்ற 1915இன் யோசனை பிழையில்லை. 1917இல் அதற்கு இல்லாமற்போனது தகவல்.

தோட்ட வரலாற்றை எழுதுகிற நாம் கங்காணி, பற்றுச்சீட்டு, லயம், சங்கம் என்று மலைக்குள்ளேயே நின்றுவிடுகிறோம். அது வேண்டியதே. ஆனால் தேயிலைப் பெட்டி கொழும்போடு நிற்கவில்லை. அதற்கு அப்பால் யார் அதைக் காத்தார்கள், யார் மறித்தார்கள் என்பதும் இந்த மலையின் வரலாறுதான். களனிவெளி ரயில் இன்று அவிசாவளையோடு நின்றுபோனதைப்போல நம் வரலாறும் பாதிவழியில் நிற்கத் தேவையில்லை.

ரேவன் 2 போர் முடிவதற்கு முன்னரே விமானங்களை இறக்கிவிட்டு மறுபடி சரக்குக் கப்பலானது. வைத்த பெயர் 'ரேவன்ரொக்', ராபென்ஃபெல்ஸ் என்பதன் நேரடி ஆங்கிலம். 1923இல் விற்கப்பட்டுப் பல கை மாறி, 1938இல் உடைக்கப்பட்டது. வொல்ஃப் போருக்குப் பின் பிரான்சுக்குப் போய், அன்டினூஸ் என்ற பெயரில் சரக்கு சுமந்து, 1931இல் உடைபட்டது. வூஸ்டர்ஷயரும் பெர்சியஸும் மட்டும் விழுந்த இடத்திலேயே, கொழும்புக்கு வெளியே கடலடியில், இன்றும் கிடக்கின்றன.